மதினியைச் சிரிக்க வைத்த சரித்திரக் கதை

எங்கள் மதினி மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்கள் எல்லோருக்கும் அவருடைய சிரிப்பு நினைவிருக்கும். அந்தச் சிரிப்பு ஒரு காலத்தில் அடியோடு நின்று போயிருந்தது. அது திரும்பி வந்த கதையை எழுதுகிறேன்.

மதினி வாசுதேவநல்லூரில் விவசாயக் குடும்பத்தில், அண்ணன்மார்களுக்குப் பிறகு பிறந்த ஒரே பெண். எழுபதுகளின் தொடக்கத்தில் என் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டுச் சங்கரன்கோவில் வந்தார். எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டி விசைத்தறிக்கூடம். அந்தச் சத்தத்துக்கு மேல் குரலெடுத்துப் பேசவும் சிரிக்கவும் வந்த வாரமே பழகிக்கொண்டார்.

தலைப்பிள்ளை பேர் வைக்கும் முன்பே இறந்துவிட்டது. தாய்வீட்டிலிருந்து திரும்பிய மதினி பேச்சை விட்டுவிட்டார். சமைத்தார், துவைத்தார், கேட்டதற்குத் தலையாட்டினார். அம்மா கோமதியம்மன் கோவில் புற்றுமண்ணைக் கொண்டுவந்து அவர் நெற்றியில் பூசுவார். "வாய்விட்டு அழுதாலாவது தேவல" என்று என்னிடம் கலங்குவார்.

ஒருநாள் அண்ணன், வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையைச் சேர்த்துப் பைண்டு செய்த சரித்திர நாவல் ஒன்றை நண்பரிடம் வாங்கி வந்தார். "ஏளா, ஒம் மதினி கல்யாணத்துக்கு முன்ன கதையாப் படிப்பாளாம். இப்பம் தொடமாட்டேங்கா. நீ வாசிச்சுக் காட்டு" என்றார். அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன்.

கரண்டு போய்த் தறி நின்ற ஒரு மத்தியானம் வாசித்தேன். மதினி முகம் கொடுக்காமல் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். கதையில் பாண்டிய இளவரசன் வளையல் வியாபாரி வேடத்தில் சேரர் அரண்மனைக்குள் நுழைகிறான். இளவரசிக்குப் பார்த்ததுமே ஆள் யாரென்று தெரிந்துவிடும். காட்டிக்கொள்ளாமல் பேரம் பேசுவாள். வளையல் மாட்டுகிற சாக்கில் கையை விடாமல் வைத்திருப்பவனிடம், "வியாபாரியாரே, வளையல் ஏறி வெகுநேரமாயிற்று. கை என்னுடையது, அதையும் மூட்டை கட்டிவிடாதீர்" என்பாள்.

களுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. நிமிர்ந்தேன். மதினி வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு அப்படியே அழுகையானது. என் மடியில் சாய்ந்து ஓவென்று அழுதார். கிணற்றடியிலிருந்து அம்மா பதறி ஓடிவந்தார்.

"என்னட்டி ஆச்சு?"

"ஒண்ணுமில்ல அத்தை" என்றார் மதினி, கண்ணைத் துடைத்தபடி. "அந்தக் கள்ளப்பய அவ கைய விடமாட்டேங்கான்."

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அங்கேயே உட்கார்ந்தார். "எவன்ட்டி அவன்? சொல்லு, நானும் கேக்கேன்."

தெருவில் ஒருவர், "பிள்ளையப் பறிகொடுத்தவளுக்குச் சிரிப்பு கேக்குதோ?" என்றார். அம்மா விடவில்லை. "சிரிக்கட்டும். இத்தன நாளா எங்க வீட்ல தறிச் சத்தம் மட்டுந்தான் கேட்டுச்சு" என்றார்.

மறுநாள் பள்ளி விட்டு வந்தால் மதினி கதையில் எனக்கு முன்னே ஓடிவிட்டிருந்தார். "ரெண்டு அத்தியாயம் போயிட்டேன்ட்டி. சொல்லவா?" "சொல்லாதீங்க மதினி!" என்று காதைப் பொத்திக்கொள்வேன். பிறகு அவரே எங்களுக்கு வாசித்தார். இளவரசிக்கு ஒரு குரல், தோழிக்கு ஒரு குரல். இளவரசனுக்கு மட்டும் அண்ணனுடைய இழுவைக் குரல். அண்ணன் செய்தித்தாளுக்குப் பின்னால் கோபம் போலக் கனைப்பார். ஆனால் அத்தியாயம் முடியும்வரை தாளைப் புரட்ட மாட்டார்.

பின்னாளில் இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தார்கள். அவர்கள் சோறு உண்டதே ராஜா ராணிச் சண்டைகளைக் கேட்டுத்தான். இழந்த பிள்ளையை மதினி ஒருநாளும் மறக்கவில்லை. ஆண்டுதோறும் அந்த நாளில் பேசாமல் கோவிலுக்குப் போய் வருவார்.

சிறுநீரக நோய் கண்டு திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் பக்கத்துக் கட்டில்காரர்களுக்குக் கதை சொன்னார். ஒரு நர்ஸ், "மெதுவாச் சிரிங்கம்மா, டாக்டர் வாராரு" என்று கெஞ்சியதை நானே பார்த்தேன்.

பரிவுடன் பார்த்த மருத்துவர்களுக்கும், முறைவைத்து வந்து துணையிருந்த வாசுதேவநல்லூர் அண்ணன்மார்களுக்கும், இறுதி ஊர்வலம் புறப்படும்வரை தறிகளை நிறுத்திவைத்த தொழிலாளர்களுக்கும், அந்த நாட்களில் வீட்டுக் குழந்தைகளுக்குச் சோறூட்டிய தெருவாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது.

எனக்கு உடன்பிறந்த அக்கா கிடையாது. சிவகிரியில் வாழ்க்கைப்பட்ட பிறகு, யாராவது "ஒனக்கு அக்கா உண்டுமா?" என்று கேட்டால், யோசிக்காமல் "உண்டு, சங்கரன்கோவில்ல இருக்காங்க" என்றுதான் சொல்லிவந்தேன். இனியும் அப்படித்தான் சொல்வேன்.