சராசரி இறங்கிய பள்ளிக்கூடம்

(தரவுப் பிரிவில் புதிதாகச் சேருபவர்களுக்கு)

1. கீழே போன கோடு

திருகோணமலையில் ஒரு கல்வி அலுவலகத்தில் பரீட்சைப் புள்ளிகளைத் தொகுப்பது என் வேலை. கரையோரப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு மேலதிக நிதி கொடுத்திருந்தோம். அதில் நடந்தவை இரண்டு:

அ. காலைச் சாப்பாடு.
ஆ. கணிதத்துக்கு ஒப்பந்தத்தில் ஓர் ஆசிரியை, நிரோஜா.

வருட முடிவில் கணிதச் சராசரி குறைந்திருந்தது. பணிப்பாளர் என் திரையைப் பார்த்தார்.

"காசு குடுக்க முதல் இதைவிட நல்லா எடுத்தவங்கள். வெள்ளிக்கிழமைக் கூட்டத்திலை நிப்பாட்டுவம்."

"ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வரட்டா சேர்?"

"நீர் போய்ப் பாத்தா மார்க்ஸ் கூடுமோ பிள்ளை?" என்று சிரித்தார். ஆனால் மறிக்கவில்லை.

2. கதிரை

வகுப்பில் எனக்கு இருக்க இடமில்லை. அதிபர் தன் அறைக் கதிரையைத் தூக்கி வந்தார்.

"முந்தி வந்திருந்தா விரும்பின கதிரையிலை இருந்திருக்கலாம் மிஸ். கரைவலைக் காலமெண்டா பாதி வகுப்பு கடற்கரையிலைதான். வலைக் கயிறு இழுத்தாப் பெடியளுக்கும் மீன் பங்கு கிடைக்கும்."

"பரீட்சையும் இந்தக் காலத்திலைதானே?"

"ஓம். வராத பிள்ளைக்குப் புள்ளியும் இல்லை."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. முந்திய சராசரி, வந்து எழுதியவர்களுடையது மட்டும்.

"இப்ப எப்பிடி வருகினம்?"

"சாப்பாடு இருக்கு. மிச்சத்தை இவ நிரோஜாவிட்டைக் கேளுங்கோ."

கரும்பலகையடியில் நின்ற நிரோஜா வெட்கப்பட்டாள். "வலைச் சொந்தக்காரர் சம்மாட்டியாரிட்டைப் போய், பரீட்சை நாளிலை பிள்ளையளை விடுங்கோ எண்டு கேட்டனான். 'அப்ப நீ வந்து இழுக்கிறியோ?' எண்டார். ஒருநாள் இழுத்தனான். பிறகு பலகையிலை எழுத வெண்கட்டி பிடிக்க ஏலாமல் போச்சு."

வகுப்பே சிரித்தது. வாசல்வரை வந்தவள் குரலைத் தாழ்த்தினாள். "மிஸ், வெள்ளிக்கிழமை கூட்டமாம். அதோடை நான் வேலையிலையிருந்து நிக்கவேணுமோ?"

"தெரியாது" என்றேன். உண்மையும் அதுதான்.

3. வெள்ளிக்கிழமை

புள்ளிகளை இரண்டாகப் பிரித்தேன். இரண்டு வருடமும் எழுதியவர்களில் அனேகமானோருக்குப் புள்ளி ஏறியிருந்தது. முதல்முறை எழுதியவர்களுக்குக் குறைவு. சராசரியை இறக்கியவர்கள் அவர்கள்தான்.

பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப காசு குடுத்தாக் கணக்கு வரும் எண்டு எழுதுவமோ?"

"ஏலாது சேர். அதேயளவு காசிலை வாசல் வளைவு கட்டின இன்னொரு பள்ளிக்கூடத்திலை ஒண்டும் மாறேல்லை. இங்கை காசு பிள்ளையளை வகுப்புக்குக் கொண்டுவந்திருக்கு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"அதையே எழுதும். இன்னொரு வருசம் குடுப்பம்."

உடனே நிரோஜாவுக்கு எடுத்தேன். தொலைபேசியில் அலைச் சத்தம்.

"கரையிலையோ நிக்கிறீர்?"

"ஓம் மிஸ். என்னவாம்?"

"நிக்கத் தேவையில்லை. இன்னொரு வருசம் படிப்பியும்."

அவள் யாருக்கோ கத்தினாள்: "சம்மாட்டியார், அடுத்த வருசமும் பெடியளைக் கேட்டு வருவன், உங்களுக்குக் கரைச்சல்தான்!"

நான் கற்றது ஒன்றுதான். சராசரியைப் பார்க்கும் முன், போன வருடம் யார் பரீட்சைக்கு வரவில்லை என்று கேளுங்கள்.