பாஞ்சாலி வீட்டுக் கொடி

புதூர்நாட்டுக்கு மேலே, மலைப்பாதையில் ஜீப் நிற்கும் இடத்திலிருந்து நாலு கிலோமீட்டர் நடந்தால் பாஞ்சாலியின் ஊர். முப்பத்தெட்டு வீடு. அதில் ஒரே ஒரு வீட்டின் முன்னால்தான் கட்சிக் கொடி பறக்கிறது. பறக்கிறது என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒன்பது வருஷ வெயிலிலும் மழையிலும் பாதி கிழிந்து தொங்குகிறது.

அதை ஏற்றியவள் பாஞ்சாலிதான். பிரசவ வலியில் துடித்த அவள் நாத்தனாரை டோலி கட்டித் தூக்கிப் போனார்கள். ஜீப் கண்ணில் படுவதற்குள் உயிர் போய்விட்டது. அடுத்த மாதம் ஓட்டுக் கேட்டு வந்த கட்சிக்காரர்கள், "ஆட்சிக்கு வந்தா மொத வேல உங்க ரோடுதான்" என்றார்கள். பாஞ்சாலி நம்பினாள். அதோடு விட்டிருக்கலாம். ஊரையும் நம்பவைக்கக் கோயில் வாசலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தாள்: "ரோடு வர்ற வரைக்கும் இந்தக் கொடிய என் வூட்ல எறக்க மாட்டேன்."

கட்சியைக் கட்டிப்போட்டதாக நினைத்துத் தன்னையே கட்டிப்போட்டுக்கொண்டாள். வந்தவர்களில் ஒருத்தன்கூடக் கற்பூரத்தின் பக்கம் கை நீட்டவில்லை. அதை அன்றைக்கு யார் கவனித்தார்கள்?

கட்சி ஆட்சிக்கு வந்தது, அடுத்த தேர்தலிலும் வந்தது. ரோடு வரவில்லை. இந்த முறை தேர்தல் அறிக்கைக்கு மக்களிடமே யோசனை கேட்கிறோம் என்று அறிவித்தார்கள். பாஞ்சாலி ஊர் முழுக்கக் கைநாட்டு வாங்கிய மனுவோடு திருப்பத்தூர் இறங்கினாள். கட்சி ஆபீசில் மாவட்ட நிர்வாகி தேவராஜ் மனுவை வாங்கி, மடித்து, மேசையிலிருந்த கட்டுக்கு அடியில் செருகினார். பிறகு அச்சாகி வந்திருந்த அறிக்கையை நீட்டினார். மலைவாழ் மக்களுக்கு, வீட்டு வாசலுக்கே வரும் நடமாடும் மருத்துவமனை. குளிர்சாதன வசதியோடு.

"வண்டி எது மேல வரும்ண்ணே?"

"இன்னாம்மா கேக்கற?"

"ரோடே இல்லியே. அதான் கேக்கறேன்."

தேவராஜ் சிரித்தார். "அதெல்லாம் மேலிடத்துல எழுதறது. நீயும் நானும் இன்னா பண்ண முடியும்? கூட்டத்துக்கு நாப்பது பேர இட்டுனு வா."

பாஞ்சாலிக்கு அழுகை வரவில்லை. மலை ஏறி வந்தவள் வீட்டுக்குக்கூடப் போகாமல் ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர் வேடியப்பன் முன்னால் போய் நின்றாள். நாலு பேர் கூடிவிட்டார்கள்.

"மாமா, என் சத்தியத்த அவுத்து வுடுங்க. ஊரு கூடிச் சொன்னா சாமி ஒத்துக்கும். அந்தக் கொடியப் பாத்தாலே எனக்குப் பத்திக்கினு வருது."

வேடியப்பன் கேட்டார்:

"எறக்கிட்டு? கட்சிக்காரின்னுதான் உன்ன உள்ள வுடறாங்க. நீயும் வெளிய வந்துட்டா எங்க மனுவ யாரும்மா எடுத்துனு போவா?"

எல்லாரும் அவளையே பார்த்தார்கள். கத்தியிருந்தால்கூடத் தேவலாம்.

மறுநாள் காலை ஊசியும் நூலும் எடுத்தாள். கொடியை இறக்கித் தைக்க வழியில்லை, இறக்கினால் சத்தியம் போச்சு. கம்பத்தில் ஏணி சாத்தி, காற்றில் அடித்துக்கொண்ட துணியை ஒரு கையால் இழுத்துப் பிடித்துத் தைத்தாள். ஒவ்வொரு குத்துக்கும் கட்சியை ஒரு திட்டுத் திட்டினாள்.

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள் மகள் சகுந்தலா, தலைப்பிரசவத்துக்கு வந்தவள்.

"கெட்டியாத் தைம்மா," என்றாள் சகுந்தலா. "எனக்கு இன்னும் ரெண்டு மாசந்தான் இருக்குது."