பட்டன் மறைத்த முகம்

எங்கள் அக்கா தையல்காரி. பட்டனுக்குக் காஜா எடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை, பிடிவாதத்திலும் அப்படித்தான். வேலைக்குப் போன அவள் புருஷன், எங்கள் மாமா, வீடு திரும்பாமலே போன பிறகு, தையல் சொல்லிக்கொடுக்கும் வீடியோ சேனல் ஒன்றை ஆரம்பித்தாள். தைப்பது அவள், படம் பிடிப்பது நான். எங்கிருந்தாவது மாமா பார்ப்பார், வந்துவிடுவார் என்பது அவள் நினைப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் படம் பிடித்துக் கொடுப்பேன்.

“எல்லா வீடியோவுலயும் ஓரத்துல சப்ஸ்கிரைப் பட்டன் வைக்கலாம்க்கா. ஒரு தடவை வெச்சா பழசுலயும் தானா வந்துடும். படம் ஒண்ணு குடு.”

மகராசி நிஜப் பட்டனைக் கொண்டுவந்து நீட்டினாள்! மாமா கிளம்பிய காலையில் அவர் சட்டையிலிருந்து தெறித்து விழுந்தது.

“இதைப் பாத்தா அவருக்குப் புரியும்டி.”

தலையில் அடித்துக்கொண்டு அதையே படமெடுத்து ஏற்றினேன். எல்லா வீடியோவிலும் கீழ் மூலையில் அந்தப் பழுப்புப் பட்டன் வந்து உட்கார்ந்தது.

மறுநாள், போன வாரம் எடுத்த வீடியோவுக்கு யாரோ கமெண்ட் போட்டிருந்தார்கள்: “பட்டனைக் கொஞ்சம் தள்ளி வைங்க. மூலையில உட்கார்ந்திருக்கிறவர் முகம் மறையுது.”

அதைப் படமெடுத்த அன்று அறையில் நாங்கள் இருவர்தான். மூலையில் வெட்டுத்துணி மூட்டையைத் தவிர ஒன்றும் கிடையாது.

“எவனோ வேலை வெட்டி இல்லாதவன்,” என்றேன்.

அக்கா பயப்படவில்லை. “என்ன சட்டைன்னு கேளு.”

கேட்டேன். பதில் உடனே வந்தது: “நீலக் கட்டம். நெஞ்சுகிட்ட ஒரு பட்டன் இல்ல.”

மாமா கிளம்பிய காலையில் போட்டிருந்த சட்டை அதுதான். பட்டனை எடுத்துவிட்டு வீடியோவை ஓடவிட்டேன். வெறும் மூட்டை. “பாரு, ஒருத்தரும் இல்ல!” என்று கத்தினேன். அதற்குள் அடுத்த கமெண்ட்: “எங்க போயிட்டாரு?”

“மறுபடி வை,” என்றாள் அக்கா.

வைத்தேன்.

“வந்துட்டாரு,” என்று கமெண்ட் வந்தது.

எங்கள் கண்ணுக்குப் பட்டன் மட்டும்தான் தெரிந்தது. உயிரோடு இருக்கிற மனுஷன் இப்படி வந்து உட்கார மாட்டான் என்பது அக்காவுக்குப் புரிந்துவிட்டது. முகம் அப்படியே விழுந்துபோயிற்று.

அவள் எழுந்து போய், மாமா போன நாளிலிருந்து தாழ் போடாமலே வைத்திருந்த வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

“உள்ளதானே இருக்காரு,” என்றாள்.