நாத்தனார் நிரப்பிய போத்தல்

முதல் பிள்ளையை ஏழாம் மாதத்திலேயே குறைப்பிரசவத்தில் பறிகொடுத்தவள் நான். இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோதும் சிறுநீர் போகையில் அதே எரிச்சல், அதே அடிவயிற்று வலி. இலங்கையில் றக்வானைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். மலையில் ஒதுங்க மறைவிடம் கிடையாது. அதனால் தண்ணீரே குடிக்கமாட்டோம். வந்தாலும் அடக்கிக்கொள்வோம்.

போன ஆடியில் பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக்கு வந்தார்கள். கர்ப்பிணியின் சிறுநீரில் கிருமி இருப்பதை முன்கூட்டியே கண்டுபிடித்து மருந்து கொடுத்தால், குறைமாதப் பிரசவத்தைத் தடுக்கலாமா என்று பார்க்கிறார்களாம். எங்கள் மிட்வைஃப் மிஸ் ஆளுக்கொரு சின்னப் போத்தல் கொடுத்தார். நானும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டேன். ஆனால் ‘அந்த இடத்து வியாதி’ என்று தெரிந்தால், நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயமே என் நடத்தையை இழுக்கும். அந்தப் பயத்தில் நாத்தனாரைக் கெஞ்சி, அவளுடைய சிறுநீரைக் கொடுத்துவிட்டேன். சொல்ல இன்றும் கூசுகிறது.

கிருமி இல்லை என்று முடிவு வந்தது. மாமியாருக்குச் சந்தோஷம். எனக்கோ நாலாம் நாள் குளிர்காய்ச்சல்.

செவ்வாய்க்கிழமை காலையில் மாரியம்மன் முன்னால் நின்றேன். பிள்ளையைக் காப்பாற்று என்று கேட்க வாய் வரவில்லை. எல்லாரையும் ஏமாற்றிவிட்டு எந்த முகத்தோடு கேட்பது?

“ஆத்தா, உண்மையச் சொல்ற தைரியத்த மட்டும் குடு” என்று அழுதேன்.

வீட்டுக்குப் போகவில்லை. கால் நேரே கிளினிக்குக்கு நடந்தது. நடத்தியவள் ஆத்தாதான்.

“மிஸ், அது என்னோடது இல்லங்க. நாத்தனாவோடது.”

மிஸ் சிங்களவர். திட்டவில்லை. “அனே நங்கி, இப்பவாவது சொன்னீங்கதானே. வாங்க, முதல்ல காய்ச்சலப் பாப்போம்” என்று தங்கச்சி முறை சொல்லிக் கையைப் பிடித்தார். அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். கிருமி சிறுநீரகம் வரை ஏறியிருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் பிள்ளை தங்கியிருக்காது என்றார் டாக்டர். ஊசிமருந்து ஏற்றிக் குணமாக்கினார்கள். பிறகு ஆய்வுக்காரர்களிடமும் நானே போய்ச் சொன்னேன். என் பெயருக்கு நேரே இருந்த பொய்யை அடித்துவிட்டார்கள்.

மாதம் நிறைந்து மகள் பிறந்தாள். வீல் என்று அவள் கத்தியதைக் கேட்டு நானும் கத்தி அழுதேன்.

இப்போது நான் பழைய ஆள் இல்லை. பெண்கள் எட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு தோட்டத்தை நடத்தும் துரையிடம் போய், மலையில் கக்கூஸ் கேட்டேன். “பாப்போம்” என்றார்.

“எப்ப பாப்பீங்கன்னு சொல்லுங்க சேர். அதுவரைக்கும் இங்கயே நிக்கிறோம்.”

அடுத்த மாதமே தகரம் அடித்து ஒன்று கட்டிக்கொடுத்தார்கள்.

பிள்ளைக்காக ஆத்தாவிடம் மன்றாடும் தங்கச்சிமாரே, பிள்ளையை மட்டும் கேட்காதீர்கள். வாய்திறக்கும் தைரியத்தையும் கேளுங்கள். எனக்கு அதைத்தான் முதலில் தந்தாள். மகள் அதற்குப் பின்னால்தான் வந்தாள்.