இருபதுக்குப் பன்னிரண்டு

பரீட்சையில் மாதத் தேர்வு, காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு என்று நான்கு தினுசு உண்டு. ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊரான தலத்தெருவில் கணக்கு டீச்சராக இருந்த ஒர்த்தான்ஸ் ஐந்தாவதாக ஒன்று வைத்திருந்தார்: வெள்ளிக்கிழமைப் பரீட்சை. ரேங்க் கார்டில் ஏறாது, வீட்டில் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை.

“இது ஒங்களுக்கு வைக்கிற பரீட்சை இல்ல, எனக்கு. எதை நான் சரியா சொல்லித் தரலைன்னு தெரியணும். தெரியலைன்னா வெறுமனே விட்டுடுங்க. பார்த்து எழுதி என்னை ஏமாத்தாதீங்க.”

பத்தாம் வகுப்பு நம்பியது. தெரியாத கணக்கை நாணயமாக விட்டுவைத்தது. டீச்சர் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். அங்கே போலவே இருபதுக்குத்தான் மதிப்பெண் போட்டு, ஒரு நோட்டில் குறித்து வைப்பார். பன்னிரண்டு என்றால் நல்ல பிள்ளை. முழு இருபது வாங்க ஆண்டவரே வந்து எழுத வேண்டும்.

1981 டிசம்பரில் தலைமையாசிரியர் தெட்சிணாமூர்த்தி அந்த நோட்டைக் கேட்டார்.

“சும்மா பார்த்துட்டுத் தர்றேன். இன்ஸ்பெக்டர் வந்தா காட்டலாம், பெருமையா இருக்கும்.”

டீச்சருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பதினெட்டு வருஷத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை.

ஜனவரியில் அறிவிப்புப் பலகையில் பதினோரு பெயர்கள்: அரசுத் தேர்வு எழுத அனுமதி இல்லை. நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்ட வேண்டுமென்றால் சந்தேகத் தலைகளை முன்னாலேயே கழிக்க வேண்டாமா! மெஹர் பானு அம்மை போட்டு அரையாண்டு எழுதாதவள். அவள் பெயருக்கு எதிரே வெள்ளிக்கிழமை நோட்டிலிருந்து எடுத்துப் போட்டிருந்தது: கணக்கு, 12/100.

டீச்சர் ஓடினார். “சார், அது இருபதுக்கு!”

“நோட்டுல எங்கயும் இருபதுன்னு இல்லையே, டீச்சர்.”

“ஒங்களுக்குத் தெரியாதா? நீங்களே பிரெஞ்சு ப்ரெவே பரீட்சையில இருபதுக்குப் பதினொண்ணு வாங்கித்தானே பாஸ் பண்ணீங்க?”

“அது பிரெஞ்சுக்காரன் காலம்” என்று சிரித்தார் அவர். “லிஸ்ட் மேல போயிடுச்சுங்க. நோட்டுல இருக்குறது ஒங்க கையெழுத்து. நானா எழுதினேன்?”

மறுநாளே மெஹர் பானுவின் வாப்பா அப்துல் லத்தீப் டி.சி. வாங்க வந்தார். “பொம்பளப் புள்ளய இன்னொரு வருஷம் அனுப்ப முடியாதுங்க.”

பக்கத்தில் நின்ற பெண் டீச்சரைப் பார்த்தாள். “ஒங்களுக்கு நீங்களே வைக்கிற பரீட்சைன்னீங்களே டீச்சர். நான் எப்படி பெயிலானேன்?”

அதற்குள் வாப்பா படியிறங்கிவிட்டார், அவளும் போனாள்.

அந்த வெள்ளிக்கிழமை மிச்சம் முப்பத்திரண்டு பேரும் தாளை நிரப்பித் தந்தார்கள். ஒரு இடம்கூட வெறுமனே இல்லை. மூன்றாவது கணக்கில் மட்டும் முப்பத்திரண்டு தாளிலும் ஒரே தப்பு, ஒரே வரியில்.

“யாருக்குப் புரியல?” என்று கேட்டார்.

“புரியுது டீச்சர்” என்றது வகுப்பு, ஒரே குரலில்.