ஏழாம் நம்பர் அறையின் சுவர்

எங்கள் லாட்ஜைப் புதுப்பித்த டிசைனர் அக்கா, "ரூமுக்குள்ள வந்ததுமே கெஸ்ட்டோட மனசைத் தொடணும்" என்றார். சுவிட்சைத் தொட்டாலே ஷாக் அடிக்கிற லாட்ஜில் மனசு மட்டும் தப்பிக்குமா என்று கேட்டுத் திட்டு வாங்கினேன்.

தங்குபவர்கள் எல்லாம் ஒரகடம் கார் ஃபேக்டரி ஆட்கள். அதனால் ஏழாம் நம்பர் அறையின் சுவர் முழுக்க ஒரு போட்டோ: கார் தயாராகும் லைன், யூனிஃபார்மில் சிரிக்கும் இளைஞர்கள்.

இன்று காலை நைட் ஷிஃப்ட் முடித்து ஒரு திருநெல்வேலி அண்ணன் வந்தார். சாயங்காலம் ஊருக்கு பஸ் ஏறும்வரை தூங்க வேண்டுமாம். ஏழாம் நம்பர் சாவியைக் கொடுத்தேன்.

ஐந்தே நிமிடத்தில் திரும்பி வந்தார்.

"தங்கச்சி, வேற ரூம் இருக்கா?"

"ஏண்ணா, போட்டோல சூப்பர்வைசர் முறைக்கிறாரா?"

அவர் சிரிக்கவில்லை. "காண்ட்ராக்ட் முடிஞ்சிட்டுன்னு இப்பத்தான் ஐடி கார்டை வாங்கிட்டாவ. அந்த போட்டோவையே பாத்துட்டு எப்படிம்மா உறங்க?"

வேறு அறை காலியில்லை. அப்பா ஒரு பெட்ஷீட்டோடு வந்தார். "இன்னா பாத்துகினு நிக்கிற, அந்தப் பக்கம் புடி."

சுவரை மூடினோம். எனக்கு ஜோக்கும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

அவர் கிளம்பிய பிறகு போய்ப் பார்த்தேன். பெட்ஷீட்டைக் கழற்றி அழகாக மடித்து வைத்திருந்தார். கட்டில் விரிப்பு கசங்கவே இல்லை. நாற்காலி மட்டும் போட்டோவைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

டிசைனர் அக்காவிடமிருந்து மெசேஜ்: "கெஸ்ட்டுக்குப் புடிச்சுதா?"

"ரொம்ப நேரம் பாத்துகினே இருந்தாருக்கா" என்று அனுப்பினேன்.

மூன்று ஹார்ட் வந்திருக்கிறது. பதிலுக்கு எந்த எமோஜி அனுப்புவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.