தங்காக் துணிக்கடையில் முளைத்த இஞ்சி

காட்டு இஞ்சியின் மூதாதை எங்கே வாழ்ந்தது என்று கண்டுபிடிக்க, பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடப் படிப்பு விடுப்பு எடுத்தேன். இதை முதலில் அக்காவிடம்தான் சொன்னேன்.

"நம்ம தாத்தா எந்த ஊர்லேர்ந்து கப்பல் ஏறுனாருன்னே நமக்குத் தெரியல. நீ இஞ்சியோட தாத்தாவைத் தேடப் போறியா?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. கேள்வியில் நியாயம் இருந்ததால் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது.

மாசாய் என்ற ஊரில் ஓர் இடைநிலைப்பள்ளியில் நான் உயிரியல் ஆசிரியை. கணவருக்குப் பாசிர் கூடாங் தொழிற்சாலை ஒன்றில் ஷிஃப்ட் வேலை. நான் மேற்படிப்புக்குப் போகிறேன் என்றதும், சமையலைத் தான் பார்த்துக்கொள்வதாக அவராகவே வாக்குக் கொடுத்தார். வாக்கைக் காப்பாற்றினார். அந்த இரண்டு வருடத்தில் நாங்கள் சாப்பிட்ட மத்தி மீன் சம்பலுக்கு அளவே கிடையாது.

என் வேலை காட்டில் பாதி, கணினியில் பாதி. டிஎன்ஏவை வைத்து இஞ்சி இனங்களின் உறவை ஒரு மரமாக வரைவோம். ஒவ்வொரு கிளை நுனியிலும் இன்றைக்கு உயிரோடிருக்கும் ஓர் இனம். அந்த இனம் எங்கெங்கே சேகரிக்கப்பட்டதோ அந்த இடங்களின் சராசரி வெப்பத்தை நுனிக்குப் பக்கத்தில் கொடுப்போம். மென்பொருள் நுனியிலிருந்து கீழே இறங்கி வந்து, கிளை பிரியும் ஒவ்வொரு கவட்டிலும் இருந்த மூதாதை எவ்வளவு சூட்டில் வாழ்ந்திருக்கும் என்று கணக்கிட்டு, கிளைகளுக்கு வண்ணம் பூசும். குளிருக்கு நீலம், சூட்டுக்குச் சிவப்பு. அடிமரம் என்ன நிறமாகிறதோ அதுதான் என் ஆராய்ச்சியின் விடை.

முதல் தடவை அந்த மரம் திரையில் வந்தபோது அடி நல்ல சிவப்பாக இருந்தது. மேலே போகப் போக மஞ்சள், பச்சை, கடைசியில் மலை இனங்களின் நுனிகளில் நீலம். நான் நாற்காலியை விட்டு எழுந்து கை தட்டினேன். இரவு வேலை முடிந்து வந்து நின்ற கணவர் எட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. தீபாவளிக்கு வாசல்ல போடலாம்," என்றார்.

அழகு மட்டுமில்லை, சேதியும் அதில் இருந்தது. இந்த இஞ்சிகள் மலையில் பிறந்து கீழே இறங்கியவை என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். என் மரமோ, தாழ்ந்த வெப்பக் காட்டில் பிறந்து பிறகு மலையேறியவை என்றது. என் மேற்பார்வையாளர் ஒரு மலாய்க்காரப் பேராசிரியை, லேசில் பாராட்டாதவர். அவரே மரத்தை இரண்டு முறை பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, இதைத் தலைப்பாகவே வைக்கலாம் என்றார். அதையே முக்கிய அத்தியாயமாக எழுதி முடித்தேன். விடுப்பு முடிய இன்னும் கொஞ்ச காலம் இருந்தது. அதற்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு, ஜனவரியில் நிம்மதியாக வகுப்புக்குத் திரும்புவது என்பது திட்டம்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. புடவை எடுக்கத் தங்காக்குக்கு நான் வந்தே ஆகவேண்டும் என்றாள் அக்கா. கல்யாணப் புடவைக்குத் தங்காக் போகாதவர்கள் எங்கள் குடும்பத்தில் இல்லை. வேலை இருக்கிறது என்றேன். "இஞ்சி எங்கயும் ஓடிடாது லா," என்றாள்.

இரண்டாவது கடையிலேயே எனக்குப் பொறுமை போய்விட்டது. அக்காவுக்கு முன்னால் பச்சையில் மட்டும் ஒரு குவியல் கிடந்தது. அத்தனை பச்சையும் அவளுக்கு வேறு வேறு, எனக்கு ஒன்றுதான். முக்காலியில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தபோது, என் இஞ்சிகளில் ஒன்றுக்கும் தங்காக்தான் ஊர் என்பது நினைவுக்கு வந்தது.

அது ஒரு விசேஷமான இனம். மரத்தின் அடியிலேயே மற்ற எல்லாவற்றையும் விட்டுத் தனியாகப் பிரிந்து நின்றது. அப்படி நிற்கிற இனத்துக்கு, அடிமரத்தின் நிறத்தை முடிவு செய்வதில் செல்வாக்கு அதிகம். கல்யாண வீட்டில் பெரிய மாமா மாதிரி. ஒரே ஆள்தான், ஆனால் அவர் பேச்சு எடுபடும். அதற்கு இருந்ததோ ஒரே ஒரு காய்ந்த மாதிரிச் செடி. யாரோ எப்போதோ சேகரித்துச் சீட்டில் தங்காக் என்று எழுதியிருந்தார்கள். பிறகு யாரோ அதைக் கணினியில் ஏற்றும்போது அட்சரேகையும் தீர்க்கரேகையும் சேர்த்திருந்தார்கள். நான் அந்த எண்களை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

பொழுது போகட்டுமே என்று அந்த எண்களைப் போனில் போட்டேன். நடந்தே போய்விடலாம் என்றது. அக்காவிடம் இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஒரு சாலையைத் தாண்டி, வரிசையாக நின்ற மோட்டார் சைக்கிள்களுக்கு இடையே புகுந்து போனேன். நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்று போன் சொன்ன இடத்தில் இன்னொரு துணிக்கடை இருந்தது. வாசலில் நின்ற பெண் சிரித்தாள்.

"உள்ள வாங்கக்கா. புது டிசைன் வந்திருக்கு."

"இல்லம்மா. நான் இஞ்சி தேடி வந்தேன்."

"இஞ்சியா? பசார் அந்தப் பக்கம் இருக்கு."

சிரித்துக்கொண்டே திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டேன். கட்டடங்களுக்கு மேலே லேடாங் மலை தெரிந்தது, உச்சியில் மேகம். என் வரைபடத்தில் மலையும் ஊரும் ஒரே புள்ளியாகத்தான் தெரியும். ஆனால் ஊருக்கு விசிறி வேண்டும், உச்சிக்குக் கம்பளிச் சட்டை வேண்டும். அந்தச் சேகரிப்பாளர் மலையில் செடியைப் பறித்துவிட்டு, தான் தங்கிய ஊரின் பெயரை எழுதியிருந்தால்?

மறுநாள் வீட்டில் அந்தப் புள்ளியை மலைமேல் நகர்த்தி மென்பொருளை ஓட்டிப் பார்த்தேன். அடிமரத்தின் சிவப்பு போயே போய்விட்டது. கணினியை மூடிவிட்டுத் துணி காயப்போடப் போனேன். காய்ந்த துணியையே மறுபடியும் காயப்போட்டேன்.

கணவரிடம் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அலமாக். யாரும் கண்டுபிடிக்கலதானே? மொதல்ல சப்மிட் பண்ணிடு. அப்புறம் பாத்துக்கலாம்."

அவர்மேல் குற்றமில்லை. அவருக்கும் மத்தி மீன் சம்பல் அலுத்திருக்கும். எனக்கும் அதே எண்ணம்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் நான் நினைத்ததை இன்னொருவர் வாயால் கேட்டதும் எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. அந்த எரிச்சலோடு எரிச்சலாகவே பேராசிரியைக்குப் போன் செய்தேன். ஆற அமர யோசித்திருந்தால் செய்திருப்பேனா என்பது சந்தேகம்தான்.

அவர் கோபப்படவில்லை. செடி மலையில்தான் இருந்தது என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். ஊரில் இருப்பதெல்லாம் துணிக்கடை என்றேன். அந்த மனிதர் வந்த காலத்தில் அங்கே கடை இருந்ததா, காடு இருந்ததா என்றார்.  எண் உனக்குச் சாதகமாக இருந்தபோது நீ கேள்வி கேட்கவில்லை, இப்போது பாதகமாக இருக்கும்போதும் கேட்காமல் நகர்த்தாதே, போய்ப் பார் என்றார். நாட்கள் கரைந்துகொண்டிருந்தன. விடுப்பை நினைத்து எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

அனுமதி வாங்கி, வழிகாட்டி ஒருவரோடு சாகில் பக்கமிருந்து லேடாங் மலையில் ஏறினோம். தனியாக விடமாட்டேன் என்று கணவரும் லீவு போட்டுவிட்டு வந்தார். கீழே அருவிக்கரையில் தேடினோம், அடிவாரக் காட்டில் தேடினோம். பல இஞ்சிகள் கிடைத்தன, அது கிடைக்கவில்லை. மேலே ஏற ஏறக் கணவர் பேச்சைக் குறைத்தார். அதற்குமேல் மூச்சையே சிக்கனம் செய்தார். மரங்கள் குட்டையாகி, பாசி தடித்து, வேர்வை குளிர்ந்துபோன ஓரிடத்தில், ஈரப் பாறையின் இடுக்கில் அது இருந்தது. ஒரு சாண் உயரம் இருக்கும். மண்ணை ஒட்டி, வெளுத்த மஞ்சளில் ஒரே ஒரு பூ. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. பாறை நெடுகிலும் அதுதான்.

கணவர் குனிந்து பார்த்தார். "இதுவா? இதுக்காகவா?"

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான், கலப்படமில்லாத சந்தோஷம். அதுவரை நான் அறிந்தது பழுப்புத்தாளில் ஒட்டிய ஒரு சருகை மட்டும். உயிரோடு பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தேன். என் அத்தியாயம் போயிற்று என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. சிரித்துக்கொண்டிருந்தபடியே அழுதேன். வழிகாட்டி ஒன்றும் புரியாமல் எனக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

விடுப்பு முடிந்தது, ஆய்வேடு முடியவில்லை. பகலில் வகுப்பு, சனி ஞாயிறில் மற்ற இனங்களின் புள்ளிகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிற வேலை. இன்னும் சில இஞ்சிகள் ஊர் நடுவிலும், ஒன்று கடலுக்குள்ளும் நின்றன. எல்லாவற்றையும் திருத்தி ஓட்டியபோது அடிமரம் சிவப்பாகவும் இல்லை, நீலமாகவும் இல்லை. நடுவில் ஏதோ ஒரு நிறம். விடை எவ்வளவு விலகியிருக்கலாம் என்று அதன்மேல் மென்பொருள் போட்டுக்காட்டிய பிழை எல்லைக் கோடு குளிரிலிருந்து சூடுவரை நீண்டிருந்தது. மூதாதை எங்கே வாழ்ந்தது என்று இந்தத் தரவை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது என்று எழுதினேன். எழுதிய வாக்கியம் பிடிக்கவில்லை, ஆனால் அதை யாராலும் அசைக்க முடியாது என்று தெரிந்தது.

வாய்மொழித் தேர்வுக்கு வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து தேர்வாளர் ஒருவர் வந்திருந்தார். பழைய அத்தியாயத்தில் தொடங்கி எல்லாவற்றையும் ஒளிக்காமல் பின்னிணைப்பில் போட்டிருந்தேன். அவர் அந்தச் சிவப்பு மரத்தை நெடுநேரம் பார்த்தார்.

"இந்த முடிவு பலமாக இருந்தது. இதையே கொடுத்திருந்தால் நான் கேள்வி கேட்டிருக்க மாட்டேன்," என்றார்.

"தெரியும்."

"பிறகு ஏன் மாற்றினீர்கள்?"

அறிவியல் நேர்மை, தரவுத் தரம் என்று பெரிய பெரிய சொற்களெல்லாம் தயாராகத்தான் வைத்திருந்தேன். ஆனால் அந்த ஈரப் பாறைதான் கண்முன் நின்றது.

"அந்தச் செடி தங்காக் ஊருக்குள் வளரவில்லை," என்றேன்.

  அவர் ஆய்வேட்டை மூடி வைத்துவிட்டு, மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.